பிறர் வீட்டில் வளரும் நம் பிள்ளைகள்: பதினெட்டு வயதுக்கு முன்னும் பின்னும்



நம் மஹல்லாக்களில் அண்ணன் மகனையோ, இறந்துபோன தங்கையின் மகளையோ வைத்து வளர்க்காத குடும்பம் குறைவு. யதீம்கானாவில் விட மனம் வராமல், "இருக்கிறதைப் பகிர்ந்து சாப்பிடட்டும்" என்று சொல்லிச் சேர்த்துக்கொண்ட வீடுகள் அவை. அல்லாஹ் அந்த வீடுகளில் பரக்கத் செய்வானாக. சோறும் துணியும் பள்ளிக்கூடமும் வரைக்கும் அந்த வீடுகள் எப்படியோ சமாளித்துவிடுகின்றன. பிள்ளை பிளஸ் டூ முடிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. கல்லூரிக்குப் பணம் யார் கட்டுவது, விடுதிக்கு யார் கையெழுத்துப் போடுவது, வருமானச் சான்று யார் பெயரில் வாங்குவது என்று கேள்விகள் ஒரே மாதத்தில் வந்து நிற்கின்றன. பதில் கிடைக்காதபோது பையன் பாண்டியில் ஏதாவது ஒரு கடைக்குப் போகிறான். பெண்ணுக்கு அவசரமாக மாப்பிள்ளை பார்க்கப்படுகிறது.

குயிலாப்பாளையம், கோட்டக்குப்பம், வானூர், திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளில் இப்படிப் பிறர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அரசுத் தரப்பில் என்னென்ன உதவிகள் உண்டு, அவற்றை எப்படிக் கேட்பது, எங்கே அரசின் கை நின்றுபோகிறது, அங்கிருந்து நம் ஜமாஅத் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். உதவி இருக்கிறது, ஆனால் பதிவில் இருக்கும் பிள்ளையைத்தான் அது தேடி வரும். அந்தப் பதிவைப் பத்து வயதிலேயே செய்து வைக்க வேண்டும். பதினெட்டில் ஓடினால் பெரும்பாலான கதவுகள் மூடியிருக்கும்.

தத்து வேறு, வளர்ப்பு வேறு

சட்டத்தின் பார்வையில் இந்தப் பிள்ளைகள் மூன்று வகை. உறவினர் வீட்டில் வளர்பவர்கள் முதல் வகை. நம்மிடையே இவர்களே அதிகம். உறவில்லாத ஒரு குடும்பத்தில் அரசின் குழந்தைகள் நலக் குழு ஒப்படைத்து வளர்பவர்கள் இரண்டாவது வகை. இதற்கு 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று பெயர். இல்லங்களில் வளர்பவர்கள் மூன்றாவது வகை.

வளர்ப்புப் பராமரிப்பு என்றதும் தத்தெடுப்பு என்று நினைத்து நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. தத்தெடுத்தால் பிள்ளை சட்டப்படி புதிய பெற்றோரின் பிள்ளையாகிவிடும். வளர்ப்புப் பராமரிப்பில் பிள்ளையின் பெயர், தந்தையின் பெயர், வம்சம் எதுவும் மாறுவதில்லை. தாயோ தந்தையோ உயிருடன் இருந்தால் வந்து பார்க்கலாம். அவர்களுடைய நிலைமை சீரானால் பிள்ளை தன் வீட்டுக்கே திரும்பலாம். வளர்ப்பவர் உணவு, கல்வி, மருத்துவம் ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்கிறார், அவ்வளவுதான்.

நம் மார்க்கம் 'கஃபாலத்' என்று சொல்வதும் இதைத்தான். நபி (ஸல்) அவர்கள் வளர்த்த ஸைத் (ரலி) அவர்களை மக்கள் முதலில் நபியின் மகன் என்றே அழைத்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையர் பெயரால் அழைக்கும்படி அஹ்ஸாப் அத்தியாயத்தில் கட்டளை வந்த பிறகு அவர் மீண்டும் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். பாசம் குறையவில்லை, பெயர் மட்டும் அவருக்கே உரியதாயிற்று. ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு, பெற்றோரை இழந்த பிள்ளைக்கான மாற்றுப் பராமரிப்பு முறைகளில் ஒன்றாக இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. இந்தியா 1992-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. ஆகவே வளர்ப்புப் பராமரிப்புக்கு முன்வர நமக்கு மார்க்கத் தடை இல்லை. முஸ்லிம்கள் சட்டப்படி தத்தெடுக்க விரும்பினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் எடுக்கலாம், அது அவரவர் விருப்பம் என்று 2014 பிப்ரவரியில் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது தனி விஷயம்.

அபூதாலிப் விடாத கை

யதீமைப் பொறுப்பேற்பவரின் தகுதியை நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டிச் சொன்னதை நம்மில் அறியாதவர் இல்லை. அவர்களே உறவினர் வீடுகளில் வளர்ந்தவர்கள் என்பதைத்தான் இங்கே நினைவூட்டுகிறோம். பிறக்கும் முன்பே தந்தை இல்லை. ஆறு வயதில் தாயை இழந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப் எடுத்து வளர்த்தார். எட்டு வயதில் அவரும் போய்விட்டார். பிறகு பெரிய தந்தை அபூதாலிப் ஏற்றுக்கொண்டார். அவர் வசதியானவர் அல்லர். பிள்ளைகள் நிறைந்த வீடு அவருடையது.

எட்டு வயதில் பிடித்த கையை அபூதாலிப் எப்போது விட்டார்? வாலிபம் வந்ததும் விடவில்லை. வியாபாரப் பயணத்தில் கூட்டிச் சென்றார். இருபத்தைந்து வயதில் கதீஜா (ரலி) அவர்களுடன் நடந்த நிக்காஹில் பெரியவராக நின்று பேசினார். அதற்குப் பிறகும் தம் மரணம் வரை துணையாக இருந்தார். ஒரு பிள்ளையை வளர்ப்பது என்பது தொழில், திருமணம், சொந்தக் காலில் நிற்பது வரை உடன் வருவது என்பதற்கு இதைவிட வேறு முன்மாதிரி நமக்குத் தேவையில்லை.

முதலில் எங்கே போக வேண்டும்?

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குழந்தைகள் நலக் குழு உண்டு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்குத்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், ஆசிரியர், இமாம் என யார் வேண்டுமானாலும் பிள்ளையை அழைத்துப் போகலாம். பிள்ளையே நேரில் போகவும் சட்டம் இடம் தருகிறது. குழுவுக்குத் துணையாக நின்று வீட்டைப் பார்த்து அறிக்கை தருவதும், பணம் வரும்படி செய்வதும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வேலை.

நாம் பாண்டிச்சேரி எல்லையை ஒட்டி வாழ்பவர்கள். ஆஸ்பத்திரி, வேலை, கடைவீதி எல்லாமே நமக்கு அங்கேதான். பிள்ளையின் பிறப்புச் சான்றோ தகப்பனாரின் இறப்புச் சான்றோ புதுச்சேரியில் பதிவாகியிருக்கலாம். ஆனாலும் குயிலாப்பாளையமும் கோட்டக்குப்பமும் வானூர் வட்டத்தில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆகவே இங்கே குடியிருக்கும் பிள்ளைக்கு விழுப்புரம் குழந்தைகள் நலக் குழுவும் விழுப்புரம் அலகும்தான் பொறுப்பு. விழுப்புரம் வரை போய்வர ஒருநாள் கூலி போய்விடும் என்பது உண்மைதான். திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாலும் அது அலகுக்குப் போய்ச் சேரும். அவசரம் என்றால் 1098-க்குப் போன் செய்யலாம். இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம்.

என்னென்ன உதவிகள்?

1. நிதி ஆதரவுத் திட்டம். மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா'வின் கீழ் மாதம் ரூ.4,000 கிடைக்கும். 2022-க்கு முன்பு இது ரூ.2,000-ஆக இருந்தது. கணவரை இழந்த, விவாகரத்தான, கைவிடப்பட்ட தாயுடன் இருக்கும் பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள், உயிருக்கு ஆபத்தான நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகள் ஆகியோர் கேட்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் ரூ.72,000-க்கும் மற்ற இடங்களில் ரூ.96,000-க்கும் மிகாமல் இருக்க வேண்டும். பிள்ளை தொடர்ந்து பள்ளிக்குப் போக வேண்டும். நின்றுவிட்டால் உதவியும் நிற்கும்.

2. வளர்ப்புப் பராமரிப்பு உதவித்தொகை. குழு ஒப்படைத்த பிள்ளையை வளர்க்கும் குடும்பத்துக்கும் அதே ரூ.4,000.

3. 'அன்புக் கரங்கள்'. தமிழக அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போன, கடும் நோய் அல்லது ஊனத்தால் முடங்கிய, சிறையில் இருக்கும் நிலையில் உள்ளவர்களுக்கும் உரியது. பள்ளிப் படிப்பு முடியும்வரை, 18 வயது வரை மாதம் ரூ.2,000. அதன் பிறகு கல்லூரிக்கும் திறன் பயிற்சிக்கும் வழிகாட்டுவதாகவும் திட்டம் சொல்கிறது.

4. கொரோனாவில் பெற்றோரை இழந்தவர்கள். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையின் பெயரில் தமிழக அரசு ரூ.5 லட்சம் வைப்பு வைத்தது; 18 வயதில் வட்டியுடன் கிடைக்கும். ஒருவரை இழந்த குடும்பத்துக்கு ரூ.3 லட்சம் அறிவிக்கப்பட்டது. இருவரையும் இழந்தவர்களுக்கு மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தில் 23 வயதில் ரூ.10 லட்சமும் உண்டு. 2021-இல் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் இருந்த பிள்ளைகள் இப்போது அந்தப் பணம் கைக்கு வரும் வயதுக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பணம் பிள்ளையுடையது. "இத்தனை வருடம் வளர்த்தோமே" என்று அதில் பங்கு கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

5. விபத்தில் இறந்தவரின் பிள்ளைகள். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படிக்கும் பிள்ளையின் வருவாய் ஈட்டும் தாய் அல்லது தந்தை விபத்தில் இறந்தால், பள்ளிக் கல்வித் துறை வழியாக ரூ.75,000 பிள்ளையின் பெயரில் வைப்பாகும். தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஈ.சி.ஆரிலும் திண்டிவனம் நெடுஞ்சாலையிலும் விபத்தில் போனவர்களின் வீடுகளில்கூட இது பலருக்குத் தெரியவில்லை. வாகன விபத்து இழப்பீட்டு வழக்கில் வரும் பிள்ளையின் பங்கை, மேஜராகும்வரை வங்கியில் போட்டுவைக்க நீதிமன்றம் உத்தரவிடுவது வழக்கம். இறந்தவர் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் போன்ற ஒன்றில் பதிந்திருந்தால் அங்கும் மரண உதவியும் கல்வி உதவியும் உண்டு. காலம் தாழ்த்தாமல் கேட்க வேண்டும்.

6. தாய் இருந்தால். கைம்பெண் ஓய்வூதியம் மாதம் ரூ.1,200. இதுபோக, கலெக்டரின் கீழ் மாவட்டந்தோறும் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தையும் அணுகலாம்.

7. கல்லூரிக்குப் போகும்போது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000. மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்று வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் கட்டணச் சலுகை உண்டு. உறவினர் வீட்டுப் பிள்ளையை ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்பது பிளஸ் டூவுக்குப் பிறகு அதற்கு என்ன கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆங்கிலவழித் தனியார் பள்ளி ஆசையில் கடன் வாங்கும் முன் இதை யோசியுங்கள்.

பெரிய துயரம் ஊர் அறிய நடந்தால் அரசு உடனே கவனிக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்தால் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு ரூ.5 லட்சம் வைப்பும், 18 வயது வரை மாதம் ரூ.5,000-மும், பட்டப்படிப்பு வரை கல்வி, விடுதிச் செலவும் அறிவிக்கப்பட்டன. அது நல்ல முன்மாதிரி. ஆனால் தனியாக மாரடைப்பில் போன அத்தாவின் பிள்ளைக்கும், பிரசவத்தில் போன தாயின் பிள்ளைக்கும் எந்த அறிவிப்பும் வராது. அந்தப் பிள்ளைக்காக யாராவது ஒருவர் மனு எழுதினால்தான் உண்டு.

பெட்டியில் இருக்க வேண்டிய காகிதங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஆவணங்கள்தான் தேவைப்படுகின்றன: பிள்ளையின் பிறப்புச் சான்று, பெற்றோரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, பள்ளியில் படிப்பதற்கான சான்று, பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு.

பெரும்பாலும் தடை வருவது மூன்று இடங்களில். முதலாவது, பெயர். பிறப்புச் சான்றில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளியில் வேறொரு எழுத்து என்று இருக்கும். நம் அரபுப் பெயர்களில் இது சாதாரணம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவாகும் முன்பே ஒன்றாக்கிவிடுங்கள். மதிப்பெண் சான்றில் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு. இரண்டாவது, குடும்ப அட்டை. இறந்துபோன பெற்றோரின் அட்டையிலேயே பிள்ளையின் பெயர் கிடக்கும். வளர்ப்பவர் அட்டைக்கு மாறியிருக்காது. மூன்றாவது, காணாமல்போன தந்தை. இறப்புச் சான்று இல்லை, ஆளும் இல்லை. ஏழு ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளும்படி நீதிமன்றத்தை நாடலாம். அதுவரை 'கைவிட்டுப் போனவர்' என்ற நிலையிலேயே குழந்தைகள் நலக் குழுவிடம் போகலாம். சான்றுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நம் மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது நினைவிருக்கும். ஒரு பிளாஸ்டிக் உறையும், செல்போனில் எடுத்த படமும், டிஜிலாக்கரில் ஒரு பிரதியும் இருந்தால் அடுத்த மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை.

சொத்து ஓர் அமானத்

யதீமின் சொத்தைப் பற்றி நிஸா அத்தியாயம் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பதை ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். நாட்டுச் சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. முஸ்லிம் தனியார் சட்டப்படி மைனரின் சொத்துக்குக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் அவர் நியமித்தவர், அல்லது தந்தையின் தந்தை. தாய், அண்ணன், சித்தப்பா, மாமா ஆகியோர் பிள்ளையை வளர்க்கலாம். ஆனால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் பிள்ளையின் வீட்டையோ மனையையோ விற்கவும் அடமானம் வைக்கவும் முடியாது. 1918-லேயே பிரிவி கவுன்சில் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆரோவில்லைச் சுற்றி மனை விலை ஏறிய பிறகு இதை மறப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். "படிப்புச் செலவுக்குத்தான் விற்றோம்" என்று சொன்னாலும் அந்த விற்பனை செல்லாது.

பாட்டனார்களுக்கு ஒரு வார்த்தை. தந்தை இருக்கும்போதே மகன் இறந்துவிட்டால், மற்ற மகன்கள் உயிருடன் இருக்கும் நிலையில் இறந்த மகனின் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு வராது. பல யதீம்கள் ஒரே நாளில் அத்தாவையும் வீட்டையும் இழப்பது இப்படித்தான். ஆனால் வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்ய மார்க்கம் அனுமதிக்கிறது. எகிப்து 1946-இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. நம் நாட்டில் சட்டம் இல்லை. ஆனால் பேனா நம் கையில் இருக்கிறது. எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், பேரப் பிள்ளைகள் துஆ செய்வார்கள்.

பதினெட்டில் வரும் பள்ளம்

நிதி ஆதரவும் அன்புக் கரங்களின் மாதத் தொகையும் 18 வயதோடு முடிகின்றன. அதன் பிறகு 'பிற்காப்பு' என்றொரு ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. 21 வயது வரையும், தேவைப்பட்டால் 23 வரையும் மாதம் ரூ.4,000-உம், தங்குமிடம், தொழிற்பயிற்சி உதவிகளும் கிடைக்க வழி உண்டு. ஆனால் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, குழந்தைகள் இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறுபவரைப் பற்றியே பேசுகிறது. உறவினர் வீட்டில் வளர்ந்த பிள்ளை அதில் வருவதில்லை.

அதாவது, பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பாமல் மார்பில் அணைத்து வளர்த்த வீட்டுக்குத்தான், மிகவும் தேவையான மூன்று ஆண்டுகளில் அரசின் உதவி குறைகிறது. நம் பைத்துல்மால் இறங்க வேண்டிய இடம் இதுதான் என்று நாங்கள் கருதுகிறோம். ரமழானில் அரிசி மூட்டையும் புதுத்துணியும் கொடுப்பது நல்லது. ஆனால் பத்து வயதிலிருந்து எட்டு வருடம் கொடுத்த உதவி பதினெட்டில் நின்றுவிட்டால், அந்த எட்டு வருடமும் பாதி வழியில் விட்ட பயணமாகிவிடும். நிஸா அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தைக் கவனியுங்கள். யதீம் பருவ வயதை அடைந்ததும் பொறுப்பு முடிந்தது என்று அது சொல்லவில்லை. விவேகம் வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, பிறகு சாட்சிகளுடன் பொருளை ஒப்படைக்கச் சொல்கிறது. வயதோடு பக்குவத்தையும் பார்க்கச் சொல்வது பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முந்தைய பிற்காப்பு அல்லவா?

ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடியவை:

ஒரு பதிவேடு. மஹல்லாவில் உறவினர் வீடுகளில் வளரும் பிள்ளைகள் யார், என்ன வயது, எந்த வகுப்பு, எந்த உதவி வருகிறது என்று எழுதி, முத்தவல்லியிடமும் ஒரு பெண் பொறுப்பாளரிடமும் மட்டும் இருக்கட்டும். நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டாம். பிள்ளைக்கும் மானம் உண்டு.

பதினாறு வயதில் ஒரு பேச்சு. பிளஸ் ஒன் படிக்கும்போதே பிள்ளையையும் வளர்ப்பவரையும் உட்கார வைத்து, அடுத்து என்ன என்று கேட்க வேண்டும். திண்டிவனம் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியா, வானூர் அரசுக் கல்லூரியா, ஐ.டி.ஐ.யா, பொறியியலா என்று பிள்ளை வாய் திறந்து சொல்லட்டும். எந்தச் சான்று இன்னும் இல்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

18 முதல் 21 வரை ஒரு நிதி. ஜகாத்திலிருந்து, தகுதியுள்ள ஏழைப் பிள்ளைக்கு, அதன் வங்கிக் கணக்கிலேயே மாதாமாதம் போடலாம். ஒரே தடவை பெருந்தொகை கொடுப்பதைவிட மூன்று வருடம் தவறாமல் வரும் சிறுதொகை பிள்ளையைக் கல்லூரியில் நிறுத்திவைக்கும்.

ஒரு பெரியவர். பணத்தைவிட இதற்குத்தான் பற்றாக்குறை. விடுதிப் படிவத்தில் காப்பாளராகக் கையெழுத்துப் போட, உடம்பு சரியில்லை என்றால் போன் எடுக்க, பெருநாளன்று "வீட்டுக்கு வா" என்று கூப்பிட ஒருவர். பெண் பிள்ளைக்குப் பெண் ஒருவர்.

வளர்ப்பு வீடாக முன்வருவோருக்கு

மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு மாதிரி வழிகாட்டுதலின்படி, தம்பதிகள் மட்டுமின்றித் தனியாக வாழ்பவர்களும் வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தனி ஆணிடம் பெண் பிள்ளை ஒப்படைக்கப்படாது. தம்பதியானால் திருமணமாகி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். வீடு, வருமானம், உடல்நலம், குடும்பத்தார் மனநிலை அனைத்தையும் பார்த்துத்தான் குழு முடிவு செய்யும். பிறகும் மாதாமாதம் வந்து பார்க்கும். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைக்கான பாதுகாப்பு அது.

மஹ்ரம் பற்றிய கேள்வி இயல்பாக எழும். வளர்ந்த பெண் பிள்ளைக்குத் தாய்மாமனும் தந்தையுடன் பிறந்த சித்தப்பாவும் மஹ்ரம், ஆனால் அவர்களுடைய மகன்கள் மஹ்ரம் அல்லர். பெரியம்மா, சித்தி வீட்டில் அவர்களுடைய கணவரும் மகன்களும் மஹ்ரம் அல்லர். அதற்காகப் பிள்ளையைக் கைவிட வேண்டியதில்லை. தனி அறையோ, பெண்களுடன் படுக்கும் இடமோ, ஆடை மாற்றவும் குளிக்கவும் தாழ்ப்பாள் உள்ள இடமோ ஏற்பாடு செய்தால் போதும். உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உறவில்லாத குழந்தையை யாரிடமிருந்தும் நேரடியாக வாங்கி வளர்க்காதீர்கள். நல்ல நிய்யத் இருந்தாலும் அது குற்றம். குழந்தைக்காகப் பணம் கைமாறினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை. தங்கிப் படிக்கும் யதீம்கானா நடத்துவோர் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய வழக்கில்தான் 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் இந்தப் பதிவை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது.

பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்

பிறர் வீட்டில் வளரும் பிள்ளை வாய் திறந்து குறை சொல்வது அபூர்வம். "சோறு போடுபவர்களைப் பற்றிப் பேசலாமா" என்ற பயம் இருக்கும். பள்ளிக்கு அடிக்கடி லீவு, திடீர் மௌனம், வீட்டு வேலைக்கென்றே வைத்துக்கொண்டது போன்ற நடத்தை தெரிந்தால் கவனியுங்கள். பாலியல் தொந்தரவு என்றால் ஜமாஅத்தில் வைத்துப் பேசி முடிக்கக் கூடாது. போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும். குடும்ப மானம் என்று சொல்லி மூடினால் பிள்ளையின் மானம்தான் போகிறது.

அதேபோல், பதினாறு வயதுப் பெண்ணின் நிக்காஹைப் 'பொறுப்பு முடிந்தது' என்று நினைத்து நடத்தாதீர்கள். 18-க்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். அதோடு, படிப்புக்காக வரும் உதவிகளும் நின்றுபோகும். நாளை அவள் கணவனை இழந்து கைக்குழந்தையோடு திரும்பினால், அதே பதிவேட்டில் இன்னொரு யதீமின் பெயரைத்தான் நாம் எழுத வேண்டிவரும்.

இந்த வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு உங்கள் தெருவை மனத்தில் ஓட்டிப் பாருங்கள். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை வளர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, இறப்புச் சான்று இருக்கிறதா, மாதம் ஏதாவது வருகிறதா என்று வளர்ப்பவரிடம் பக்குவமாகக் கேளுங்கள். படிவம் நிரப்பவும் விழுப்புரம் போய்வரவும் உதவி தேவையென்றால் உங்கள் ஜமாஅத் வழியாக எங்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். யதீம்களின் பொறுப்பை நிறைவாகச் செய்துமுடிக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.